ஈ உட்கார்ந்த கோப்புறை

நான் ஓய்வு பெற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் உங்களில் நாலைந்து பேர் அழைத்து, "அக்கா, எல்லாச் சோதனையும் பச்சை. ஆனா அங்கால வேலை செய்யுதில்லை" என்று அழாக்குறையாகச் சொல்லிவிட்டீர்கள். அழைக்கிற எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "ஈ எங்க இருக்கு?" போன வாரம் அழைத்த பிள்ளை, "நீங்கள் ரெஸ்ட் எடுங்கோ அக்கா" என்று வைத்துவிட்டாள். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கதை தெரியாமல் கேள்வி மட்டும் போனால் அப்படித்தான் ஆகும். ஆகவே கதையையும் எழுதிவைக்கிறேன்.

கொழும்பில், வெள்ளவத்தையில் சேலைக் கடைக்கு மேலே நம் அலுவலகம் இருந்த காலம். நீங்கள் இப்போது இருக்கும் குளிரூட்டிய இடம் அல்ல. கடற்கரைப் பக்கம் ரயில் போனால் மேசையில் தேநீர்க் கோப்பை கிலுகிலுக்கும். பக்கத்து மேசையில் அன்டன். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர், என்னைவிடப் பத்து வயது இளையவர், வேலையில் என்னைவிடக் கெட்டிக்காரர், அது அவருக்குத் தெரிந்தும் இருந்தது. அவர் பெயரை அவர் அன்டன் என்று எழுதுவார். நான் அன்ரன் என்று எழுதுவேன். பதினொரு வருடம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம், இந்தச் சண்டை மட்டும் தீரவில்லை. பெயர் அவருடையது என்பதால் இந்த ஒரு கட்டுரையில் விட்டுக்கொடுக்கிறேன்.

இந்தச் சண்டைதான் கதையே என்பதால் ஒரு நிமிடம் பொறுத்துக் கேளுங்கள். தேநீருக்கு ஆங்கிலத்தில் வரும் முதல் எழுத்து T. அதைத் தமிழில் எழுதச் சொன்னால் நான் 'ரி' என்று எழுதுவேன். அப்பா யாழ்ப்பாணம், படிப்பித்தவர்கள் யாழ்ப்பாணம், கை அப்படிப் பழகிவிட்டது. டொக்டருக்கு வரும் D மட்டும்தான் எனக்கு 'டி'. அன்டனுக்கோ T என்றாலும் 'டி', D என்றாலும் 'டி'. கொழும்பில் பாதிப் பேர் என்னைப்போல, பாதிப் பேர் அவரைப்போல. ஸ்டெலா என்று ஒருவர் எழுதும் பெண்ணை இன்னொருவர் ஸ்ரெலா என்று எழுதுவார். ஆள் ஒருத்திதான்.

எங்களுக்குச் சோறு போட்டதும் இந்தக் குழப்பம்தான். பெயர்களை ஒப்பிட்டு, இரண்டு பதிவில் இருப்பவர் ஒரே ஆளா என்று கண்டுபிடிக்கும் மென்பொருள் பொதி ஒன்றை, பைத்தன் என்ற கணினி மொழியில், நாங்கள் எழுதிப் பராமரித்தோம். முகத்துவாரம் போகும் வழியில் ஓர் இலவச மருத்துவ நிலையம் அதை வாங்கியிருந்தது. அங்கே பல வருடத்து நோயாளர் அட்டைகள் பெட்டி பெட்டியாக இருந்தன. ஒரே ஆளுக்கு மூன்று அட்டை, மூன்று எழுத்து. அவற்றைக் கணினியில் ஏற்றி, ஒரே ஆளின் அட்டைகளை ஒன்றாக்க வேண்டும். அதற்காக 'ட'வும் 'ர'வும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளும் விதியை எழுதியவள் நான். ஸ்டெலாவும் ஸ்ரெலாவும் ஒரு சொடுக்கில் சேர்ந்தார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். அன்டன் மட்டும், "அக்கா, ரொம்ப ஒட்ட வச்சிடாதீங்க" என்றார். நான் கேட்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, நிலையத்தில் பதிவுகளைப் பார்க்கும் பரீனா அழைத்தார். கிராண்ட்பாஸ்காரி. குரலை உயர்த்தாமலே ஆளை நிமிர்ந்து உட்காரவைக்கக் கூடியவர்.

"மிஸ், டொனி எண்டு ஒருத்தர், மொகத்துவாரத்துல மீன் புடிக்கிறவர். அவர்ட பேர அடிச்சா அவர்ட நானாட காட்டுதான் வருது."

"தமையனின்ட பெயர் என்ன பரீனா?"

"ரொனி. ரெட்டப் புள்ளைங்க மிஸ்."

டொனியைத் தேடினால் ரொனியின் அட்டை. டொனி, ரொனி. ஒரே வீடு, ஒரே தகப்பன் பெயர், ஒரே பிறந்த நாள். இடையில் இருந்தது ஒரே ஓர் எழுத்து. அந்த எழுத்தையும் என் விதி அழித்துவிட்டு, இரண்டு மனிதர்களை ஒரு மனிதர் ஆக்கிவிட்டது.

"வேற விசயம் இரிக்கி மிஸ்" என்றார் பரீனா. "டொனிட பழைய காட்டுல செவப்பு மையில எழுதி இரிக்கி. பென்சிலின் குடுக்கப்படாது. ஒருக்கா ஊசி போட்டு மூச்சடச்சு, ஆள் தப்பினதே பெரிய காரியம். ஸ்கிரீன்ல அது இல்ல. நானாட காட்டுதான் புதுசு எண்டு அத மட்டும் வெச்சிரிக்கி."

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு லொறி வந்து பழைய அட்டைகளை எல்லாம் களஞ்சியத்துக்கு ஏற்றிப்போவதாக ஏற்பாடு. அதன்பிறகு டொக்டர் பார்ப்பது திரையை மட்டும்தான். டொனி மீன் பிடிக்கிறவர். கையில் முள் ஏறாத வாரம் இல்லாத தொழில். "இண்டைக்கே திருத்தித் தாறன்" என்றேன்.

திருத்தம் பெரிய விசயமில்லை. 'ட', 'ர' வித்தியாசம் மட்டும் இருந்தால் தானாகச் சேர்க்காமல், ஆளிடம் கேட்கச் சொல்லித் திரையில் காட்ட வேண்டும். பத்து வரி. சிக்கல், அந்தப் பொதியை அப்போது அன்டன்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அன்டன் விடுமுறையில் இருந்தார். அவருடைய கோயிலில் பெருநாள். ஊர்வலத்தில் புனிதர் சிலையான சுருவத்தைத் தூக்குகிறவர்களில் அவரும் ஒருவர். போகும்முன் எனக்காக எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி, திரையின் ஓரத்தில் மஞ்சள் துண்டொன்றில் தன் முத்தான கையெழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்: "அக்கா, ரெண்டு புது இருக்கு. டி எச் போட்டதுல வேலை செய்ங்க. மத்தது பழசு. சோதிக்க ஒரு கட்டளை, அனுப்ப ஒரு கட்டளை, அவ்வளவுதான்."

கணினியில் பார்த்தால் ஆமாம், 'புது' என்று இரண்டு கோப்புறை. ஒன்று puthu. மற்றது pudhu. சென்னையில் படித்துவிட்டு வந்து எங்களோடு கொஞ்சக் காலம் வேலை செய்த ஒருவர் 'து'வை அப்படித்தான் ஆங்கிலத்தில் எழுதுவார். அவர் மெல்பேர்ன் போய்விட்டார், கோப்புறை இருந்தது. துண்டில் 'டி எச்' என்றிருக்கிறது. எனக்கு டி என்றால் D. pudhuவைத் திறந்து வேலையைத் தொடங்கினேன்.

உண்மையைச் சொல்கிறேன், திறக்கும்போது ஒரு நொடி உறுத்தியது. அன்டன் எந்தக் காலத்தில் D போட்டுப் 'புது' எழுதினார்? தோன்றியதை உதறிவிட்டேன். அவசரம். அவசரத்தில் வரும் சிறு உறுத்தல் மெல்லிய குரலில்தான் வரும் பிள்ளைகளே. நிதானமாக இருக்கும்போது வருவது போலக் கதவைத் தட்டிக்கொண்டு வராது.

திருத்தினேன். கட்டளையைக் கொடுத்தேன். சோதனைகள் ஒவ்வொன்றாகச் சரி என்று பச்சை காட்டின. அனுப்பினேன். பரீனாவுக்கு அழைத்து, "முடிஞ்சுது" என்றேன். கீழே இறங்கி வடையும் தேநீரும் வாங்கிக்கொண்டு வந்து, பெரிய வேலை செய்தவள் போலச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை காலை பரீனாவின் அழைப்பு. "மிஸ், ரொனிதான் வாறாரு."

வேறு குற்றவாளி யாராவது கிடைப்பாரா என்று முதலில் தேடினேன். நிலையத்துக் கணினி, இணையம், மின்சாரம். எல்லோரும் செய்வதுதான். பிறகு அலுவலகம் போய், விதியை இன்னும் இறுக்கமாக எழுதினேன். பச்சை. அனுப்பினேன். மறுமுனையில் ரொனி. மூன்றாம் முறை வேறு விதமாக எழுதினேன். பச்சை. ரொனி. அப்போதுதான் எனக்கு அந்தப் பச்சையின் மேல் கோபம் வந்தது. நான் என்ன எழுதினாலும் தலையாட்டுகிற ஒன்றிடம் போய் அபிப்பிராயம் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது.

சரி, பார்ப்போம் என்று விதி இருந்த கோப்பின் நடுவில் "அன்ரன் ஒரு மடையன்" என்று தமிழில் ஒரு வரி எழுதினேன். பைத்தனுக்கு அது விளங்காது. அந்த வரியிலேயே முகங்குப்புற விழ வேண்டும். கட்டளையைக் கொடுத்தேன். பச்சை. கோப்பையே அழித்தேன். பொதியின் இருதயமே அதுதான். பச்சை, பச்சை, பச்சை. சனிக்கிழமை என்பதால் அலுவலகத்தில் வேறு யாரும் இல்லை. தனியாக இருந்து வாய்விட்டுச் சிரித்தேன். இல்லாத கோப்பு எல்லாப் பரீட்சையிலும் சித்தியடைந்துவிட்டது.

சிரிப்பு அடங்கியதும்தான் விளங்கியது. நான் திருத்திக்கொண்டிருப்பது ஒன்று, சோதனை பார்த்துக்கொண்டிருப்பது வேறொன்று. வெள்ளிக்கிழமையிலிருந்து நான் செய்த எதையும் யாரும் சோதிக்கவில்லை. அதை நம்பி "முடிஞ்சுது" என்று ஒருவரிடம் சொல்லியும் விட்டேன்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த நேரத்தில் எனக்கு முன்னால் இரண்டு வழி. சத்தம் போடாமல் காரணத்தைக் கண்டுபிடித்துத் திருத்தி, எதுவுமே நடக்காததுபோல் அனுப்பிவிடலாம். திங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, யாருக்கும் தெரியவராது. அல்லது இப்போதே சொல்லலாம். நான் தொலைபேசியை எடுத்து, எடுத்த கையோடு வைத்து, மறுபடியும் எடுத்தேன். மானம் என்று ஒன்று இருக்கிறதே. ஆனால் நான் திருத்தி முடிக்காமல் போனால், டொனியின் கையில் ஊசி ஏறும் அறையில் என் மானம் உதவிக்கு வராது.

"பரீனா, நான் முடிஞ்சுது எண்டு சொன்னது பிழை. அது இன்னும் திருந்தேல்லை. நான் சொல்லும்வரைக்கும் அட்டையளை அனுப்பாதேங்கோ."

"தெரியும் மிஸ்" என்றார் அவர், மிகச் சாதாரணமாக. "நீங்க முடிஞ்சுது எண்டு சொல்லக்குள்ளயே டொனிட காட்ட எடுத்து மேச லாச்சிக்குள்ள வெச்சிட்டேன். ஆனா மத்த காட்டுகள நிப்பாட்ட ஏலாது. லொறி சொல்லியாச்சி. டொனி மாதிரி இன்னும் எத்தின பேர் உள்ளுக்கு இரிக்காங்களோ, அதுதான் பயம்."

என்னை நம்பாமல் ஒருவர் லாச்சிக்குள் அட்டையை ஒளித்துவைத்ததில் எனக்கு அவ்வளவு ஆறுதல் வரும் என்று நான் நினைத்ததில்லை.

அடுத்து அன்டனுக்கு அழைத்தேன். ஏழாம் முறைதான் எடுத்தார். பின்னால் பாண்ட் வாத்தியம் காதைக் கிழித்தது.

"என்ன அக்கா? சுருவம் வெளிக்கிடப் போகுது."

"நான் என்ன எழுதினாலும் பச்சை வருது அன்டன். எந்தப் புதுவைத் தொடச் சொன்னனீங்கள்?"

"எழுதி வச்சேனே அக்கா. டி எச்."

"எந்த டி?"

"டி தான் அக்கா, டி."

"தேத்தண்ணிக்கு வாற டியோ, டொக்டருக்கு வாற டியோ?"

வாத்தியம் ஒரு கணம் நின்றது. "தேத்தண்ணி" என்றார் அன்டன். பிறகு மெதுவாக, "ஐயோ அக்கா, நீங்க ரி போடுற ஆள் இல்லியா."

இருவரும் சிரித்த சிரிப்பில் அவர் பக்கத்தில் நின்ற யாரோ அதட்டினார்கள். பெயரை ஆயிரம் விதமாக எழுதுவார்கள், கவனம் என்று ஊருக்கு எல்லாம் பொதி எழுதிக் கொடுத்த இரண்டு பேர், ஒரே எழுத்தில் ஒருவர் காலை ஒருவர் தடுக்கி விழுந்து கிடந்தோம்.

"ஈ puthuல இருக்கு அக்கா. நீங்க மத்ததுல நிக்கிறீங்க."

இதுதான் அந்த ஈ. உங்களுக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறேன். ஒவ்வொரு வேலைக்கும் தனிச் சூழல் ஒன்று அமைத்து, அதில் பொதியை நிறுவுவோம். சாதாரணமாக நிறுவினால் பைத்தன் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு அதையே பார்க்கும். நீங்கள் மூலத்தில் தலைகீழாக நின்றாலும் அதற்குத் தெரியாது. திருத்தத் திருத்த உடனே தெரிய வேண்டும் என்றால், நிறுவும் கட்டளையில் ஒரு சிறு கோடும் e என்ற எழுத்தும் சேர்த்து, "பிரதி வேண்டாம், இந்தக் கோப்புறையையே பார்" என்று காட்டிவிட வேண்டும். அன்டன் அந்த e-ஐ எப்போதும் 'ஈ' என்றே சொல்வார். ஈ எந்தக் கோப்புறையில் உட்கார்ந்திருக்கிறதோ அதைத்தான் பைத்தன் பார்க்கும், நிலையத்துக்கு அனுப்பும்போது போவதும் அதுதான். அவருடைய ஈ puthuவில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. நான் pudhuவில் கோப்பை அழித்து விளையாடிக்கொண்டிருந்தேன். பொதியை எங்கிருந்து எடுக்கிறாய் என்று பைத்தனிடமே கேட்டால் ஒரு வரியில் பாதையைச் சொல்லிவிடும். வெள்ளிக்கிழமை அந்த ஒரு வரியைக் கேட்க எனக்கு நேரம் இருக்கவில்லை. வடை வாங்க இருந்தது.

puthuவைத் திறந்தேன். திருத்தத்தை எழுதுமுன் டொனிக்கும் ரொனிக்கும் என்றே ஒரு சோதனை எழுதினேன்: இவர்களைச் சேர்க்கக் கூடாது. வெள்ளிக்கிழமை செய்திருக்க வேண்டிய முதல் வேலை. பழைய சோதனைகள் பழைய கவலைகளைத்தான் பார்க்கும். புதுக் கவலைக்குப் புதுச் சோதனை வேண்டும். கட்டளையைக் கொடுத்தேன். சிவப்பு. பளிச்சென்று, வாய் நிறையத் திட்டிக்கொண்டு வந்த சிவப்பு. அந்தச் சிவப்பைப் பார்த்து நான் அடைந்த சந்தோசத்தை என் முதல் சம்பளத்தன்றுகூட அடையவில்லை. யாரோ ஒருவர் கடைசியில் என் பேச்சைக் கேட்கிறார்.

அன்றிலிருந்து நான் சிவப்பைப் பார்க்காமல் பச்சையை நம்பியதில்லை. புது இடத்தில் அமர்ந்தால் முதலில் ஒன்றை வேண்டுமென்றே உடைப்பேன். உடைந்தது தெரிந்தால்தான் வேலை தொடங்குவேன். "அன்ரன் ஒரு மடையன்" என்ற வரியை அதற்கென்றே பல வருடம் பயன்படுத்தினேன். அவருக்கும் தெரியும். அவர் பயன்படுத்திய வரி என்னவென்று நான் கேட்டதில்லை.

திருத்தத்தை எழுதினேன். அந்தச் சோதனை பச்சையானது. நிலையத்தின் பெயர்ப் பட்டியல் முழுவதையும் ஓட்டிப் பார்த்ததில், பரீனா பயந்ததுபோலவே இன்னும் சில சோடிகள் ஒட்டிக்கிடந்தன. எல்லாவற்றையும் பிரித்து அனுப்பினேன். இம்முறை "முடிஞ்சுது" என்று சொல்லவில்லை. "நீங்கள் பார்த்துச் சொல்லுங்கோ" என்றேன்.

"பாத்தேன், வருது" என்றார் பரீனா. "எதுக்கும் திங்கக்கெழம வாங்க மிஸ்."

திங்கட்கிழமை எட்டரைக்கே போய்விட்டேன். அட்டைப் பெட்டிகள் சணல் கயிற்றால் கட்டி வாசலில் அடுக்கியிருந்தன. பரீனாவின் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒன்பதரை மணிபோல, கையில் துணி சுற்றிய ஒரு மனிதர் வரிசையில் முன்னுக்கு வந்தார். விரல்கள் வீங்கியிருந்தன. மீன் முள். பெயரைச் சொன்னார். பரீனா என்னைத் திரும்பிப் பார்க்காமல் தட்டினார். திரையில் வந்தது: இதே வீட்டில், இதே பிறந்த நாளில், ஒத்த பெயரோடு இன்னொருவர் இருக்கிறார். வந்திருப்பவர் யார் என்று கேளுங்கள்.

"நீங்க டொனியா, ரொனியா?" என்றார் பரீனா.

"எங்கட அம்மாவும் காலையில அதத்தான் கேட்டா" என்றார் அவர். "டொனி, மிஸ். நெத்தியில தழும்பு இருக்கிறவன்தான் ரொனி."

பரீனா டொனியைத் தெரிவுசெய்தார். திரையின் உச்சியில் சிவப்பு எழுத்து எழுந்து நின்றது. உள்ளே டொக்டர் அதை வாசித்துவிட்டு, பென்சிலின் ஒத்துவராதா என்று சிங்களத்தில் கேட்பதும், டொனி "ஓவ் டொக்டர், எப்பா, எப்பா", ஆமாம், வேண்டாம் வேண்டாம் என்று பதறுவதும் எங்களுக்குக் கேட்டது. எனக்குக் கண் கலங்கியது. கர்ச்சீப்பைத் தேடுவதுபோலக் கைப்பைக்குள் குனிந்துகொண்டேன்.

பத்து மணிக்கு லொறி வந்தது. ஆட்கள் பெட்டிகளைத் தூக்கத் தொடங்கினார்கள். கடைசிப் பெட்டிக்குக் கை வைத்தபோது பரீனா, "பொட்டக் இன்ன மல்லி" என்று அவர்களைக் கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டு, மேசை லாச்சியைத் திறந்தார். மூலை மடிந்த பழைய அட்டை ஒன்றை எடுத்தார். சிவப்பு மை மங்கியிருந்தது. ஒருமுறை வாசித்தார். பிறகு கயிற்றைத் தளர்த்தி, அதைப் பெட்டிக்குள் மற்ற அட்டைகளோடு செருகினார்.

"இப்ப கொண்டு போங்க" என்றார்.